முதல் அடிக்கு என்ன தண்டனை?

கல்லூரி விடுதியில் சீனியர்கள் அடித்து ஒரு மாணவன் செத்துப்போனான் என்று செய்தி வந்தால் நாம் எல்லோரும் ஒரே குரலில் என்ன சொல்கிறோம்?

"தூக்குல போடணும் சார். நம்ம சட்டம் ரொம்ப லூஸு. அதான் இவனுங்களுக்குக் குளிர் விட்டுப்போச்சு."

டீக்கடையில் சொல்கிறோம். ஆபீஸ் கேன்டீனில் சொல்கிறோம். டி.வி. விவாதத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் சொல்கிறார்கள். இரண்டு வாரம் சொல்கிறோம். அதற்குள் ஒரு கிரிக்கெட் தொடரோ தேர்தலோ வந்துவிடுகிறது. அடுத்த சாவு வரைக்கும் சட்டம் லூஸாக இருப்பது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

சட்டம் நிஜமாகவே லூஸாகத்தான் இருக்கிறதா? கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம், வாருங்கள். நான் படித்தது பி.காம்., சட்டம் இல்லை. ஆனால் ஒரு கணக்கு எந்த வரியில் உதைக்கிறது என்று தேடிப் பார்க்க அந்த மூன்று வருடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் பார்க்கிறேன்.

நாவரசுவை உங்களில் நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1996 நவம்பர் 6. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாமாண்டு மாணவர் பொன். நாவரசு காணாமல் போகிறார். அடுத்த நாள், சென்னை மந்தைவெளியில் ஒரு டவுன் பஸ்ஸுக்குள் தலையில்லாத உடல் கிடைக்கிறது. அது நாவரசுவின் உடல்தான் என்று நிரூபிக்க டி.என்.ஏ. சோதனை வரை போக வேண்டியிருந்தது. ராகிங் கொடுமையில் ஒரு சீனியர் மாணவர் கொன்று, உடலைத் துண்டாக்கினார் என்பதுதான் வழக்கு. நாவரசுவின் தந்தை யார் தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமி. துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால் நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்று அன்றைக்குத் தமிழ்நாட்டில் கேட்காத பெற்றோர் இல்லை.

வழக்கு என்ன ஆனது? 1998 மார்ச்சில் கடலூர் நீதிமன்றம் குற்றவாளிக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2001 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தமிழக அரசு மேல்முறையீடு போனது. 2011 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்து, ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. சில நாட்களில் அவர் சரணடைந்து மீண்டும் சிறைக்குப் போனார்.

தேதிகளைக் கழித்துப் பாருங்கள். கொலைக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவில் பதினான்கு வருடம், ஐந்து மாதம். இதில் ஒன்பதரை வருடம் அந்த மனிதர் வெளியே இருந்தார்.

இப்போது சொல்லுங்கள். நீதிமன்றம் கடுமையாக நடந்துகொண்டதா, இல்லையா? தண்டனையைப் பார்த்தால் கடுமைதான். ஆயுளுக்கு மேல் இன்னும் என்ன வேண்டும்? காலண்டரைப் பார்த்தால்? 1996-ல் பிறந்த குழந்தை அந்தத் தீர்ப்பு வரும்போது ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது!

சரி, அது ஒரு வழக்கு. சட்டத்துக்கு வருவோம்.

நாவரசு இறந்து சில வாரங்களிலேயே அவசரச் சட்டம் வந்தது. 1997-ல் அது தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமாக ஆனது. ராகிங்குக்கென்றே தனிச் சட்டம் போட்டதில் நாட்டுக்கே முன்னோடி நாம்தான். அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். இரண்டே பக்கத்தில் அடங்கிவிடும் சின்னச் சட்டம். ஆனால் விவரமான சட்டம்.

ராகிங் என்றால் என்ன என்று அதில் ஒரு விளக்கம் இருக்கிறது. எலும்பு முறிய வேண்டும், ரத்தம் வர வேண்டும் என்றெல்லாம் அது கேட்கவில்லை. ஒரு மாணவனுக்குப் பயமோ, வெட்கமோ, கூச்சமோ ஏற்படுத்துகிற எந்தக் காரியமும் ராகிங்தான். கேலி செய்வதும் அதில் உண்டு. அவன் தானாக விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதும் உண்டு. இரண்டு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவரைக் கல்லூரியை விட்டு நீக்க வேண்டும். வேறு எந்தக் கல்லூரியும் சேர்க்கக் கூடாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஏழாவது பிரிவில் இருக்கிறது. புகார் வந்தும் கல்லூரித் தலைவர் நடவடிக்கை எடுக்காமல் விட்டால், அவரும் ராகிங்குக்கு உடந்தை என்றே கருதப்படுவார். அடித்த மாணவனுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை அவருக்கும். முதல்வர் சார், உங்களுக்குத்தான்!

லூஸான சட்டமா இது?

என் கேள்வி ஒன்றுதான். இந்த ஏழாவது பிரிவில் ஒரு முதல்வரோ, தாளாளரோ சிறைக்குப் போனதாக நீங்கள் எப்போதாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இத்தனை வருடம் பத்திரிகையில் இருக்கிறேன். நான் கேள்விப்பட்டதில்லை.

கணக்கு உதைக்கிற வரி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசி அடிக்கு நம்மிடம் ஆயுள் தண்டனை இருக்கிறது. முதல் அடிக்கு எழுத்தில் மட்டும்தான் தண்டனை இருக்கிறது. நடைமுறையில் அதற்குக் கிடைப்பது "டேய், போடா போடா" என்கிற அதட்டல்தான்.

நம் ஊரில் சட்டம் பிறக்கிற விதத்தையும் கொஞ்சம் பாருங்கள். 1996-ல் நாவரசு சாவு. கையோடு ராகிங் தடைச் சட்டம். 1998-ல் சென்னையில் எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா ஈவ் டீசிங் கும்பலால் உயிரிழந்தார். அதே வருடம் ஈவ் டீசிங் தடைச் சட்டம். 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசம் தாண்டா மருத்துவக் கல்லூரியில் அமன் கச்ரு என்ற முதலாமாண்டு மாணவன், குடித்துவிட்டு வந்த சீனியர்கள் அடித்ததில் இறந்தான். அதே வருடம் பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடை விதிமுறைகள், இருபத்துநான்கு மணி நேர உதவித் தொலைபேசி, எல்லாம்.

ஒரு சடலம், ஒரு சட்டம். சடலம் விழுகிற வரை எல்லாமே "ஜாலி".

தாண்டா வழக்கை இன்னும் கொஞ்சம் கவனிக்கலாம். 2009 மார்ச்சில் சாவு. 2010 நவம்பரில் தர்மசாலா விரைவு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நான்கு பேருக்கும் நான்கு வருடம் கடுங்காவல். இருபதே மாதம்.

அங்கே இருபது மாதத்தில் நான்கு வருடம். இங்கே பதினான்கு வருடத்துக்குப் பிறகு ஆயுள். எது கடுமை?

ஒரு உயிருக்கு நான்கு வருடம்தானா என்று கொதிக்கலாம். அந்தக் கொதிப்பில் தப்பே இல்லை. ஆனால் வேறு மாதிரியும் யோசியுங்கள். தாண்டா தீர்ப்பு வந்தபோது சம்பவம் நடந்த அன்று கூடப் படித்தவர்களில் பலர் இன்னும் அந்த வகுப்புகளில்தான் உட்கார்ந்திருந்திருப்பார்கள். மருத்துவப் படிப்பு அவ்வளவு நீளம். தங்கள் கண் முன்னால் கல்லூரிக்கு வந்து போனவர்கள் ஜெயிலுக்குப் போவதை அவர்கள் பார்த்தார்கள். நாவரசு வழக்கின் கடைசித் தீர்ப்பு வந்தபோது? 1996 செட் டாக்டர்கள் கிளினிக் வைத்து, கல்யாணம் முடித்து, அவர்கள் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். அந்தத் தீர்ப்பு யாரைப் பயமுறுத்தியிருக்கும்?

இத்தாலிக்காரர் செசாரே பெக்காரியா 1764-லேயே இதைப் புத்தகமாக எழுதிவிட்டார். தண்டனை எவ்வளவு கொடூரம் என்பது குற்றவாளியைத் தடுப்பதில்லை. எவ்வளவு நிச்சயம், எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் தடுக்கும் என்பது அவர் வாதம். அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். தெருவில் ஹெல்மெட் போடாமல் போகிறவரைக் கேளுங்கள். அபராதத் தொகை எவ்வளவு என்று பார்த்து அவர் பயப்படுவதில்லை. "அந்த முனையில போலீஸ் நிக்கிறாரா?" என்றுதான் கேட்பார்.

விடுதி வராந்தாவில் போலீஸ் நிற்பதில்லை. வார்டன் இருக்கிறார். அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

முதல் புகார் வந்ததும் சாதாரணமாக என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் வார்டன் சிரிப்பார். "இதெல்லாம் சகஜம் தம்பி. நாங்களும் படிக்கும்போது பட்டுட்டுத்தான் வந்தோம்." பையன் இரண்டாவது முறை போனால் "எழுதிக் கொடு, பாக்கலாம்" என்பார். எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதம் சாயங்காலத்துக்குள் சீனியர் அறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மூன்றாவது முறை அப்பா வருவார், ஊரிலிருந்து பஸ் பிடித்து. அவரை உட்கார வைத்து, காபி கொடுத்து, "ரெண்டு பேரும் பசங்க. கைகுலுக்கிட்டுப் போகட்டும். போலீஸ், கேஸுன்னு போனா அந்தப் பையன் லைஃப் போயிடும். உங்க பையனுக்கும் இங்க இன்னும் மூணு வருஷம் படிப்பு இருக்கு பாருங்க" என்பார்கள்.

அந்தக் கடைசி வாக்கியம் அறிவுரை மாதிரிதான் இருக்கும். அது மிரட்டல். அப்பாவுக்குப் புரியும். கைகுலுக்கல் முடியும். பஸ் ஏறிவிடுவார்.

"பையன் எதிர்காலம் போயிடும்" என்கிற வாதத்தைக் கிண்டல் செய்துவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. அதில் நியாயம் இருக்கிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் கூட்டத்தோடு சேர்ந்து ஒருவன் செய்கிற தப்புக்கு அவன் ஆயுசையே அழித்துவிட முடியுமா? உச்ச நீதிமன்றமே 2001-ல், விஸ்வ ஜாக்ருதி மிஷன் வழக்கில் இதைத்தான் யோசித்தது. ராகிங்கைத் தடுப்பது முதலில் கல்வி நிறுவனத்தின் பொறுப்பு. போலீஸ் வளாகத்துக்குள் வந்தாலும், தாங்கள் கையாள்வது மாணவர்களை, கிரிமினல்களை அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது என்றது. நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான்.

அந்த நல்ல மனசை நம்பி கல்லூரிகளிடம் பொறுப்பு விடப்பட்டது. கல்லூரிகள் என்ன செய்தன? ஐந்தே வருடத்தில் உச்ச நீதிமன்றமே மறுபடி ஒரு குழு போட வேண்டியிருந்தது. சி.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர், நம்மூர் ஐ.பி.எஸ். அதிகாரி ஆர்.கே.ராகவன் தலைமையில். அந்தக் குழுவின் அறிக்கையைப் பார்த்துவிட்டு 2007-ல் நீதிமன்றம் சொன்னது: கல்லூரி எடுத்த நடவடிக்கையில் பாதிக்கப்பட்ட மாணவனுக்கோ பெற்றோருக்கோ திருப்தி இல்லையென்றால், கட்டாயம் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். 2009 விதிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் போலீஸுக்குப் போக வேண்டும் என்றன. அதாவது, ஆறு வருடத்தில் நீதிமன்றத்துக்குக் கல்லூரிகள் மேல் இருந்த நம்பிக்கை தேய்ந்துவிட்டது.

என்னைக் கேட்டால், எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள்தான் முதல் அடியிலேயே கண்டிப்பாக இருக்க வேண்டும். முதல் வாரம் ஜூனியரை முட்டி போட வைத்தவனை ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்து வீட்டுக்கு அனுப்பினால் அவனுக்கு என்ன நஷ்டம்? கொஞ்சம் வருகைப் பதிவு குறையும், ஒரு பரீட்சை போகும், அப்பாவிடம் நாலு அறை வாங்குவான். அவ்வளவுதான். திரும்பி வந்து படித்து டாக்டரோ இன்ஜினீயரோ ஆகலாம். "பாவம், விட்டுருங்க" என்று அன்றைக்கு விட்டால், முட்டி போட வைத்தவன் அடுத்த மாதம் பெல்ட்டை எடுக்கிறான். அதற்கடுத்த மாதம் குடித்துவிட்டு வருகிறான். அவனுக்கு எல்லை எங்கே என்று யாரும் சொல்லவே இல்லையே! எல்லையைக் கடைசியில் ஜெயில் வார்டன்தான் காட்ட வேண்டியிருக்கிறது. ஹாஸ்டல் வார்டன் காட்டியிருந்தால் இரண்டு குடும்பம் பிழைத்திருக்கும்.

இரக்கம் என்ற பெயரில் நாம் செய்வது, அடி வாங்கியவனுக்கும் துரோகம், அடித்தவனுக்கும் துரோகம்.

இனி கல்லூரிப் பக்கம் இருந்து பார்ப்போம். அவர்கள் ஏன் மறைக்கிறார்கள்? கெட்டவர்கள் என்பதாலா? அப்படி எல்லோரையும் சொல்லிவிட முடியாது. கணக்கு அப்படி இருக்கிறது. புகாரைப் பதிவு செய்தால் பேப்பரில் பெயர் வரும், அடுத்த வருடம் அட்மிஷன் குறையும், மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்பார்கள். மூடி மறைத்தால்? ஒரு செலவும் இல்லை. ஏழாவது பிரிவு தூங்கிக்கொண்டிருக்கிற வரை மறைப்பதில் லாபம், சொல்வதில் நஷ்டம். எந்த வியாபாரி நஷ்டத்தைத் தேடிப் போவார்?

"எங்கள் கல்லூரியில் ராகிங் புகார் பூஜ்யம்" என்று பெருமையாக அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ஆடிட்டரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு துணிக்கடைக்காரர் வருடம் முழுக்க ஒரு துணி கூடத் திரும்பி வரவில்லை என்று கணக்குக் காட்டினால், நல்ல ஆடிட்டர் பாராட்ட மாட்டார். "ரிட்டர்ன் நோட்டை எங்கய்யா?" என்றுதான் கேட்பார். சிட்டையில் ஏறாதது பேரேட்டில் எப்படி வரும்? ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தங்குகிற இடத்தில் ஒரு புகாரும் இல்லையென்றால், ஒன்று அது சொர்க்கம். இல்லாவிட்டால் அங்கே புகார் நோட்டே இல்லை.

இன்னொரு காகிதமும் இருக்கிறது. 2009 விதிமுறைப்படி, ராகிங்குக்காகத் தண்டிக்கப்பட்ட மாணவனின் மாற்றுச் சான்றிதழில் அந்த விவரம் எழுதப்பட வேண்டும். உங்கள் வீட்டில் கல்லூரி முடித்தவர்களின் டி.சி.யை எடுத்துப் பாருங்கள். நடத்தை: நன்று. பக்கத்து வீட்டுப் பையனுடையது? நன்று. அடித்தவனுக்கும் நன்று, அடி வாங்கிக்கொண்டு வாய் மூடிப் படித்தவனுக்கும் நன்று. ஊரில் இருக்கிற எல்லா டி.சி.யிலும் ஒரே கையெழுத்தில் ஒரே "நன்று".

பள்ளிக்கூடத்தில் இது எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்களா? அங்கே சாதியும் சேர்ந்துகொள்கிறது.

2023 ஆகஸ்ட் 9. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி. பிளஸ் டூ படிக்கும் பட்டியல் சாதி மாணவன் ஒருவன் சில நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று பள்ளியில் கேட்டார்கள். கூடப் படிக்கும் ஆதிக்க சாதி மாணவர்கள் சிலர் கொடுக்கிற தொல்லை வெளியே வந்தது. புகார் பள்ளிக்குப் போனது. அன்று ராத்திரியே அரிவாளோடு வீடு தேடி வந்துவிட்டார்கள். மாணவனை வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. வந்தவர்களும் பள்ளிச் சிறுவர்கள். கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

இதில் எந்தச் சட்டம் லூஸாக இருந்தது? கொலை முயற்சிக்குச் சட்டம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லிருந்து இருக்கிறது. அரிவாள் விழுந்த பிறகு எல்லாமே ஓடி வந்தன. வழக்கு, கைது, அமைச்சர்கள், ஆறுதல் எல்லாம் வந்தது. வராமல் போனது ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக்குப் புகார் போன அந்த மத்தியானத்துக்கும், அரிவாள் வந்த அந்த ராத்திரிக்கும் நடுவில், புகார் சொன்ன பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு வரவில்லை. புகார் சொல்வதுதான் ஆபத்து என்றால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

பிறகு அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கூடாது என்ற பரிந்துரையைப் பற்றித்தான் டி.வி.யில் சண்டை போட்டார்கள். யாரும் சண்டை போடாத இன்னொரு பரிந்துரை அதில் இருந்தது. ஐந்நூறு மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் என்று ஒருவரை நியமிக்க வேண்டும்; ராகிங், சாதிப் பாகுபாடு, பாலியல் தொல்லை, போதை எல்லாவற்றையும் அவர் கண்காணிக்க வேண்டும் என்பது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. புகாரை வாங்குவதே வேலையாக ஒரு ஆள். வாங்காவிட்டால் அவர் வேலை போகும். இந்தக் கணக்கில் மறைப்பது நஷ்டமாகிவிடும் இல்லையா?

அந்த நாங்குநேரி மாணவன் ஆஸ்பத்திரியில் இருந்து மீண்டு, 2024-ல் பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 மார்க் வாங்கினான். எல்லோரும் கை தட்டினோம். தட்ட வேண்டியதுதான். ஆனால் பரீட்சை எழுத ஒரு பிள்ளைக்கு இவ்வளவு வீரம் தேவைப்படுவது நமக்குப் பெருமை இல்லை.

நீதிமன்றத்தையும் கல்லூரியையும் திட்டியாகிவிட்டது. கடைசியாக நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேசிவிடலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

'நண்பன்' படத்தில் புது மாணவர்களை பேன்ட்டைக் கழற்றச் சொல்லி சீனியர்கள் ராகிங் செய்கிற காட்சி ஞாபகம் இருக்கிறதா? குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம், தியேட்டரே சிரித்தது. கதாநாயகன் அந்த சீனியருக்கு ஷாக் கொடுத்ததும் இன்னும் பலமாகச் சிரித்தது. ஒரு கமர்ஷியல் படத்துக்கு நான் நீதிபதி ஆக வரவில்லை. எல்லோரிடமும் விஜய் மாதிரி ஒரு நண்பன் பக்கத்து அறையில் இருக்க மாட்டான் என்று மட்டும் சொல்கிறேன். நம் படங்களில் ராகிங்குக்கு இரண்டே முடிவுதான். ஒன்று காமெடி, இன்னொன்று ஹீரோவின் அடி. புகார் எழுதிக் கொடுத்து ஜெயிக்கிற பையனை இதுவரை எந்த இயக்குநரும் எனக்குக் காட்டவில்லை. அவனுக்கு நம் ஊரில் வேறு பெயர் வைத்திருக்கிறோம். கோள் மூட்டி. போட்டுக் கொடுப்பவன். ஸ்பை.

வீட்டிலும் அதே பாடம்தான். "ஏன்டா அழுதுக்கிட்டு வர்ற? நீயும் ரெண்டு குடுத்துட்டு வர வேண்டியதுதானே?" என்கிறோம். அல்லது, "நமக்கு எதுக்குடா வம்பு? கண்டுக்காம படி." திருப்பி அடி, இல்லாவிட்டால் பொறுத்துப் போ. நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, எழுத்தில் புகார் கொடு, நான் உன் கூட வந்து நிற்கிறேன் என்று எத்தனை அப்பாக்கள் சொல்கிறோம்?

அடித்த பையனின் அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியிலிருந்து போன் வந்தால் அவர் முதலில் போவது வக்கீலிடம் அல்லது எம்.எல்.ஏ.விடம். "என் பையன் அப்படிப்பட்டவன் இல்லையே" என்பார். சேர்க்கையின்போது ஒரு உறுதிமொழிப் பத்திரத்தில் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என் பிள்ளை ராகிங்கில் ஈடுபட்டால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்று. எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டோம் என்று அவருக்கே தெரியாது. இருபது தாளில் அதுவும் ஒன்று. நாமும்தான் போட்டிருக்கிறோம். படித்துப் பார்த்தோமா?

சமூகம் கடுமையாக இருக்கிறதா என்று கேட்டால், செத்தவனுக்காக ரொம்பக் கடுமையாக இருக்கிறது. உயிரோடு இருந்து முனகுகிறவனிடம் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்கிறது.

புதிய சட்டம் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ராகிங்குக்கென்று தனியாக ஒரு பிரிவு அதிலும் இல்லை. இருந்தால் நல்லதுதான், நாடு முழுக்க ஒரே அளவுகோல் வரும். ஆனால் தமிழ்நாட்டில் நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. நம் சட்டத்துக்கு வயது முப்பதை நெருங்குகிறது. கல்யாண வயதே தாண்டப் போகிறது, இன்னும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த முறை பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகும்போது கட்டணம், பிளேஸ்மென்ட், ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் கேட்பீர்கள். கேளுங்கள். அதோடு இந்த மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

போன வருடம் எத்தனை ராகிங் புகார் வந்தது? பூஜ்யம் என்றால், நோட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வந்த புகாரில் எத்தனை பேரை, எத்தனை நாள் சஸ்பெண்ட் செய்தீர்கள்?

ராத்திரி பதினொரு மணிக்கு என் பிள்ளைக்கு ஏதாவது என்றால், அவன் யார் கதவைத் தட்ட வேண்டும்? அவர் பெயர் என்ன?

முதல்வர் முறைப்பார். "இதுவரைக்கும் இப்படி யாரும் கேட்டதில்ல சார்" என்பார். அப்படியா, நான் கேட்கிறேன் என்று சொல்லுங்கள். 1997 சட்டம் ஏழாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறதே, படித்திருக்கிறீர்களா என்று மரியாதையாகவே விசாரியுங்கள்.

உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற அப்பாவும் அதையே கேட்டால், அந்த நோட்டு அடுத்த வருடம் திறக்கும்.